சிடி68 பாசிட்டிவ்: பயப்பட வேண்டியது அந்த வரிக்கு அல்ல

கேள்வி: மகளுக்கு 22 வயது. கழுத்தில் இரண்டு மாதமாக நெறிக்கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'சிடி68 பாசிட்டிவ்' என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்கிறார்கள். டிபி கிருமிச் சாயச் சோதனை நெகட்டிவ், அது ஒன்றுதான் ஆறுதல். பயத்தில் ரிப்போர்ட்டை இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை. சாயங்காலக் காய்ச்சலுக்கு மெடிக்கலில் கொடுத்த பிரட்னிசலோன் பத்து நாளாகப் போடுகிறாள். நான்கு கிலோ இளைத்துவிட்டாள், முடி கொட்டுகிறது. பாட்டி மஞ்சள் பற்றுப் போடுகிறார். ரிப்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன்.
- ஒரு தந்தை, தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் அனுப்பிய நகலில் புற்றுநோய் என்று எங்கும் இல்லை.

சிடி68 என்பது மேக்ரோபேஜ் செல்களுக்குள் இருக்கும் ஒரு புரதம். கிருமியையும் செத்த செல்களையும் விழுங்கிச் செரிக்கிற செல்கள் இவை. கல்லீரல், நுரையீரல், எலும்பு மஜ்ஜை என்று எல்லா இடத்திலும் உண்டு. நோயே இல்லாதவரின் நிணநீர் முடிச்சை (அது வீங்கினால்தான் நெறிக்கட்டி) எடுத்துச் சோதித்தாலும் சிடி68 பாசிட்டிவ்தான் வரும். தெருவில் போலீஸ்காரர் நிற்பதைப் பார்த்து அவரையே திருடன் என்று நினைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் ஏன் அந்தச் சோதனை? மேக்ரோபேஜ்கள் உப்பிப்போய்க் கும்பலாகச் சேர்ந்தால் மைக்ராஸ்கோப்பில் சில சமயம் புற்றுச் செல் மாதிரியே தெரியும். சிடி68-ஐத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியைத் திசுமேல் விட்டுச் சாயம் ஏற்றினால் மேக்ரோபேஜ்கள் பழுப்பாக மாறும். ஆனால் இதை மட்டும் வைத்து நோயியல் நிபுணர் யாரும் முடிவு சொல்லமாட்டார். சிடி68-க்குப் பயன்படுத்தும் கேபி1 வகை ஆன்டிபாடி வேறு சில வெள்ளை அணுக்களையும் பழுப்பாக்கும். அதனால்தான் மேக்ரோபேஜின் இன்னொரு அடையாளமான சிடி163-உம் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். புற்றுச் செல்லைக் காட்டிக்கொடுத்து நம்மைக் கவலைப்பட வைத்திருக்கக்கூடிய சைட்டோகெரட்டின், சிடி30, சிடி15 மூன்றும் நெகட்டிவ். உங்களைத் தூங்கவிடாத வரி, சந்தேகப்பட்ட செல்கள் வெறும் மேக்ரோபேஜ்தான் என்று சொல்கிற வரி.

இனி நீங்கள் தாண்டிப்போன வரிக்கு வருகிறேன். 'கிரானுலோமா, நடுவில் திசு அழிவு' என்று இருக்கிறது, பாருங்கள். மேக்ரோபேஜ்கள் எதையோ வளைத்துக்கொண்டு நிற்கின்றன, நடுவில் திசு செத்துக் கிடக்கிறது. நம் ஊரில் இதோடு சாயங்காலக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் முதல் சந்தேகம் காசநோய்தான். சாயச் சோதனை நெகட்டிவ் என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெறிக்கட்டி டிபியில் கிருமிகள் கொஞ்சமாகத்தான் இருக்கும், அந்தச் சாயத்தில் பெரும்பாலும் தப்பிவிடும். பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதி அடைந்திருக்கிறீர்கள்.

பிரட்னிசலோன் பற்றிப் பொறுமையாக எழுத எனக்கு வரவில்லை. அது ஸ்டீராய்டு. காய்ச்சலை அமுக்கும், கட்டியையும் கொஞ்சம் சுருக்கும், உள்ளே டிபி பரவ வழிவிடும். ஒருவேளை லிம்ஃபோமாவாக (நிணநீர்ப் புற்றுநோயாக) இருந்தால் அதையும் தற்காலிகமாகச் சுருக்கி அடுத்த பயாப்ஸியைக் குழப்பும். 'தேவலை' என்று நீங்கள் எழுதாவிட்டாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். பத்து நாள்தான் என்பதால் இன்றே நிறுத்தலாம். போட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இந்த வாரமே ரிப்போர்ட்டோடு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். பயாப்ஸித் துண்டு முழுவதும் ஃபார்மலினில் போயிருந்தால் அதில் கிருமி வளர்ப்புச் சோதனை செய்ய முடியாது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். கட்டியிலிருந்து ஊசியால் புதிதாக எடுத்து சிபிநாட்டுக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) வளர்ப்புக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சிபிநாட் அரசு மருத்துவமனையில் இலவசம், முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும். நுரையீரல் சுத்தமாக இருந்தால் வீட்டில் மற்றவர்களுக்கு அவளிடமிருந்து தொற்றாது, தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம்.

முடி கொட்டுவது உடம்பு தேறியதும் நிற்கும். மஞ்சள் பற்றை நிறுத்திவிடுங்கள், தையல் போட்ட இடம் புண்ணாகும்.

டிபி என்று உறுதியானால் மாத்திரை வழக்கமாக ஆறு மாதம். நடுவில் கட்டி திடீரென்று பெரிதாகலாம், மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.