ஜப்பானில் ஓட்டுநர் உரிமம்: போஸ்ட்கார்டு வரவில்லை என்றால் என்ன செய்வது?

ஜப்பானில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து ஓட்டுநர் உரிமம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அங்கே இதற்கு 'மென்க்யோ' என்று பெயர், புதுப்பிப்பது 'கோஷின்'. அலுவலகத்துக்குப் போனால் காதில் விழப்போவது இவைதான் என்பதால், பதில்களிலும் அந்தச் சொற்களை அங்கங்கே பயன்படுத்தியிருக்கிறோம்.

கேள்வி: இந்திய உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்றி மூன்று வருடம் ஆகப்போகிறது. போன மாதம் விசா ஐந்து வருடத்துக்கு நீட்டிப்பாகிவிட்டது. உரிமமும் தானாக நீண்டுவிடுமா? என் பிறந்தநாள் நவம்பர் 3. புதுப்பிக்கச் சொல்லி வீட்டுக்கு போஸ்ட்கார்டு வரும் என்றார்கள், எதுவும் வரவில்லை.
*— வாசகர், நிஷி-கசாய், டோக்கியோ*

பதில்: நீளாது. விசாவுக்கும் உரிமத்தின் தேதிக்கும் சம்பந்தமே இல்லை. விசா எந்தத் தேதியில் முடிந்தாலும், உரிமம் உங்கள் பிறந்தநாளைத்தான் பார்க்கிறது. பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு மாதம் பின்பும் சேர்த்து இரண்டு மாதம் அவகாசம் உண்டு. உங்களுக்கு அது அக்டோபர் 3 முதல் டிசம்பர் 3 வரை. கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள் வரை நீளும். கார்டின் நடுவில் ஓடும் வண்ணப்பட்டையைப் பாருங்கள். முதல் உரிமம் என்பதால் பச்சையாக இருக்கும், முடியும் தேதி அதன் மேல்தான் அச்சாகியிருக்கும். பக்கத்தில் ஜப்பானியர் ஆண்டைக் கணக்கிடும் 'ரெய்வா' எண்ணும் இருக்கும். ரெய்வா எண்ணோடு 2018-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். ரெய்வா 8 என்றால் 2026.

போஸ்ட்கார்டு வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வீடு மாறியபோது வார்டு அலுவலகத்தில் முகவரியை மாற்றியிருப்பீர்கள், உரிமத்தில் மாற்றியிருக்க மாட்டீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. வார்டு அலுவலகம் சைரியூ கார்டின் (வெளிநாட்டவருக்கான வசிப்பிட அட்டை) பின்புறம் புது முகவரியை எழுதித் தரும். உரிமத்துக்குப் போலீஸ் நிலையம் போக வேண்டும். போஸ்ட்கார்டு இல்லாமலும் புதுப்பிக்கலாம், முகவரியையும் அதே நாளில் அதே கவுண்டரில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 'கார்டு வரவில்லை, அதனால் தெரியவில்லை' என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

நிஷி-கசாயிலிருந்து உங்களுக்கு வசதியானது கோத்தோ உரிம மையம். தோசாய் லைனிலேயே தோயோச்சோ ஸ்டேஷனில் இறங்க வேண்டும். இணையத்தில் நேரம் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பழைய உரிமம், சைரியூ கார்டு, கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடி, இவ்வளவு போதும். நுழைந்ததும் ஒரு இயந்திரத்தில் நான்கு இலக்க எண்கள் இரண்டு கேட்கும். உரிமத்தின் சிப்புக்கான கடவு எண்கள் அவை. யோசிக்காமல் எதையோ தட்டிவிட்டு, வந்த சீட்டைத் தொலைத்துவிடுபவர்கள் நிறைய. அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கட்டணம், கண் பரிசோதனை, புகைப்படம், வகுப்பு. முதல் முறை புதுப்பிப்பவர்களுக்கு வகுப்பு 2 மணி நேரம். சாதாரண உரிமத்துக்கு 2,850 யென், வகுப்புக்கு 1,400 யென், ஆக 4,250 யென். வகுப்பு ஜப்பானிய மொழியில் நடக்கும், முடிவில் தேர்வு கிடையாது. உட்கார்ந்திருந்தால் போதும், தூங்கினால் எழுப்புவார்கள். புது உரிமம் நீலப்பட்டையோடு வரும், மூன்று வருடம் செல்லும். புதுப்பிக்கும்போது அதற்கு முந்தைய ஐந்து வருடம் விபத்தோ விதிமீறலோ இல்லாமல் ஓட்டியிருந்தால் தங்க நிறப் பட்டை. அதற்கு வகுப்பு 30 நிமிடம், 500 யென்தான்.

கேள்வி: பிரசவத்துக்காக ஏப்ரலில் மதுரை வந்தேன். ஜப்பானிய உரிமம் ஜூலை 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிப்ரவரியில்தான் நகோயா திரும்புகிறேன். முதலிலிருந்து எல்லாத் தேர்வும் எழுத வேண்டுமா?
*— வாசகி, மதுரை*

பதில்: வேண்டாம், ஆனால் திரும்பியதும் நாள் கடத்தாதீர்கள். காலாவதியான உரிமத்தை அங்கே மூன்று வகையாகப் பார்க்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் போனால், மறந்துபோனவர்களுக்கும்கூட எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் கிடையாது. கண் பரிசோதனையும் வகுப்பும் போதும். ஆறு மாதம் தாண்டி ஒரு வருடத்துக்குள் என்றால், தகுந்த காரணம் இல்லாதவர்களுக்குத் தற்காலிக உரிமம் மட்டும் தருவார்கள், மீதித் தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு வருடமும் போய்விட்டால் புது ஆள் கணக்குதான்.

நீங்கள் ஏழு மாதம் கழித்துப் போகிறீர்கள். ஆனால் வெளிநாட்டில் இருந்தது தகுந்த காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு, காலாவதியாகி மூன்று வருடம் வரை, தாய்நாடோ வேறு நாடோ எங்கிருந்து வந்தாலும், ஜப்பான் திரும்பிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போனால் தேர்வுகள் விலக்கு. அந்த ஒரு மாதம்தான் உயிர்நாடி. கைக்குழந்தையோடு வந்து இறங்கி, வீடு ஒழுங்குபடுத்தி, தடுப்பூசி அட்டவணை பார்த்து நிமிர்வதற்குள் முப்பது நாள் ஓடிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் எப்போது போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்பதற்குச் சாட்சி பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைதான். விமான நிலையத்தில் தானியங்கி கேட் வழியாக வந்தால் முத்திரை விழாது. குடிவரவு அதிகாரி இருக்கும் வரிசையில் நின்று முத்திரை வாங்குங்கள், அல்லது கேட் தாண்டியதும் அங்கேயே ஊழியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்தபிறகு கேட்டுப் பயனில்லை. இடையில் பாஸ்போர்ட் மாறியிருந்தால் பழையதும் கையில் இருக்கட்டும்.

இது புதுப்பித்தல் அல்ல, காலாவதியானதற்கான தனி நடைமுறை. ஆகவே பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் நடக்காது, உரிம மையத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கென்று தனி நேரம் வைத்திருப்பார்கள். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய உரிமம், பாஸ்போர்ட், சைரியூ கார்டு, நாட்டுரிமை குறிப்பிட்ட ஜூமின்ஹ்யோ (வார்டு அலுவலகம் தரும் வசிப்பிடப் பதிவுச் சான்று), ஆறு மாதத்துக்குள் எடுத்த 3 செ.மீ. × 2.4 செ.மீ. புகைப்படம் வேண்டும். கட்டணம் சாதாரணப் புதுப்பித்தலைவிடக் கூடுதல். புது உரிமம் கைக்கு வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். காலாவதியான உரிமத்தோடு ஓட்டுவதும் உரிமமே இல்லாமல் ஓட்டுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்: மூன்று வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம், கூடவே 25 தண்டனைப் புள்ளிகள்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது புதுப்பிக்கும் மாதங்கள் இடையில் வரும் என்று தெரிந்தால், போவதற்கு முன்பே புதுப்பித்துவிடலாம். டிக்கெட்டையோ பயணத்தைக் காட்டும் வேறு தாளையோ கொண்டுபோனால் போதும். செல்லுபடிக் காலம் கொஞ்சம் குறையும், அதிகம் போனால் ஒரு வருடம். அந்த நஷ்டம் பரவாயில்லை.

கேள்வி: மை நம்பர் கார்டிலேயே (அரசு தரும் அடையாள அட்டை) உரிமத்தை ஏற்றிக்கொள்ளலாம், செலவும் குறைவு என்கிறார் அலுவலக நண்பர். செய்யலாமா?
*— வாசகர், யோக்கோஹாமா*

பதில்: 2025 மார்ச் 24 முதல் இந்த வசதி இருக்கிறது. மூன்று வழி உண்டு: பழையபடி உரிம அட்டை மட்டும் (2,850 யென்), மை நம்பர் கார்டில் மட்டும் (2,100 யென்), இரண்டும் (2,950 யென்). வகுப்புக் கட்டணம் தனி.

ஜப்பானியருக்கு 2,100 யென் வழி லாபம். வெளிநாட்டவருக்கு அப்படிச் சொல்ல மாட்டோம். நம் மை நம்பர் கார்டின் ஆயுள் விசாவோடு கட்டப்பட்டது. விசா நீட்டிப்பானதும் வார்டு அலுவலகத்துக்குப் போய் கார்டின் தேதியையும் நீட்டிக்க வேண்டும். அதை மறந்து கார்டை இழப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உரிமமும் அதற்குள்ளேயே இருந்தால் தலைவலி இரட்டிப்பு. தவிர, கார்டின் முகப்பில் உரிமத்தைப் பற்றி ஓர் எழுத்துகூட இருக்காது, எல்லாம் சிப்புக்குள். எப்போது முடிகிறது என்று பார்க்கவே செயலி வேண்டும். கார் வாடகைக்கு எடுக்கும்போதும் அட்டை கையில் இருப்பது நிம்மதி. 2,950 யென் கொடுத்து இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மை நம்பரில் ஏற்றுவதால் உண்மையான லாபம் ஒன்று உண்டு. தங்கப் பட்டைக்காரர்களும் 60 நிமிட வகுப்புப் பிரிவில் வருபவர்களும் வகுப்பை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம், 200 யென்தான். முதல் முறை புதுப்பிப்பவர்களுக்கும் விதிமீறல் பிரிவினருக்கும் இது கிடையாது. வகுப்பைப் பார்த்து முடித்ததும் புதுப்பித்தாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். கண் பரிசோதனைக்கு நேரில் போனால்தான் வேலை முடியும். வகுப்பைப் பார்க்க உள்நுழையும்போது, மை நம்பர் கார்டில் உள்ள மின்கையொப்பச் சான்றின் கடவுச்சொல் கேட்கும். வீடு மாறினால் அந்தச் சான்று செத்துவிடும். வார்டு அலுவலகத்தில் மறுபடி போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கண் பரிசோதனையில் எழுத்து ஜப்பானிய மொழியில் இருக்குமா?
*— வாசகர், ஓசாகா*

பதில்: எழுத்தே இருக்காது. ஒரு பக்கம் உடைந்த வளையம்தான். இடைவெளி எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும்: மேலே 'உஎ', கீழே 'ஷிதா', வலது 'மிகி', இடது 'ஹிதாரி'. கார் உரிமத்துக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து 0.7, ஒவ்வொரு கண்ணும் 0.3 தேவை. ஒரு கண் 0.3-க்குக் கீழே போனால், மற்ற கண்ணில் 0.7-ம் 150 டிகிரி பார்வைப் பரப்பும் இருக்க வேண்டும். கண்ணாடி போட்டே பார்க்கலாம், அது உரிமத்தில் நிபந்தனையாகப் பதியும். பழைய பவர் கண்ணாடியோடு போய் வகுப்பு நாளையே வீணாக்குபவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் முந்தின வாரம் கடையில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், இரண்டு வருடமாகச் சிபாவில் வேலை. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்து ஓடினேன். அது முடிந்துவிட்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் புதிதாக எடுத்து வந்தால் தொடர்ந்து ஓடலாமா?
*— வாசகர், சிபா*

பதில்: இரண்டு வார விடுமுறையில் எடுத்து வந்தால் செல்லாது. ஜப்பானில் பதிவு பெற்று வசிப்பவர் வெளியே போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால், அந்த வருகையை வைத்துப் புது சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு வருடம் எண்ணத் தொடங்க மாட்டார்கள். தாளில் தேதி இருக்கும், சட்டப்படி நீங்கள் உரிமம் இல்லாதவர். விபத்து நடந்தால்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

ஜப்பானிய உரிமமாக மாற்றுவதுதான் வழி. இலங்கை, இந்திய உரிமங்களுக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு. பிரிட்டன், ஜெர்மனி, தென்கொரியா போன்ற நாட்டு உரிமங்களுக்கு இரண்டும் விலக்கு. 2025 அக்டோபர் 1 முதல் விதி இறுகிவிட்டது. முன்பு 10 கேள்வி, 7 சரியாக இருந்தால் போதும். இப்போது 50 கேள்வி, 45 சரியாக வேண்டும். ஓட்டும் தேர்வில் பாதசாரிக் கடவையும் ரயில் கடவையும் சேர்ந்திருக்கின்றன. ரயில் கடவையில் தண்டவாளத்துக்கு முன் முழுசாக நிறுத்தி இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சக்கரம் உருண்டுகொண்டே இருந்தால் அங்கேயே தோல்வி. ஜூமின்ஹ்யோவும் கட்டாயமாகிவிட்டது.

உங்கள் அனுமதிப்பத்திரம் மாற்றும் நாளில் செல்லுபடியாக இருக்க வேண்டும். அதைப் பெற்றபின் இலங்கையில் மொத்தம் மூன்று மாதமாவது இருந்ததைப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். ஊரில் புதுப்பித்த அட்டையில் புதுத் தேதி மட்டும் இருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் இலங்கையில் பத்து நாள்தான் இருந்தீர்கள் என்று கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். முதன்முதலில் வழங்கிய தேதி அட்டையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டு, அதையும் அனுமதிப்பத்திரத்தையும் சேர்த்து ஜாஃப் (ஜப்பான் வாகன ஓட்டிகள் கூட்டமைப்பு) அமைப்பிடமோ தூதரகத்திலோ மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஜப்பானிய உரிமம் வாங்கியபிறகு தமிழ்நாட்டு உரிமத்தைப் புதுப்பிக்காமல் விடலாமா?
*— வாசகர், ஃபுகுவோகா*

பதில்: ஜப்பானில் ஓட்ட அது தேவையில்லை. ஊருக்கு வரும்போது ஓட்டுவீர்கள் என்றால் விடாதீர்கள். முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு 1ஏ படிவத்தில் மருத்துவச் சான்றும் வேண்டும். ஆகவே ஊருக்கு வரும் பயணத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறை வாரத்தில் மட்டும் வேண்டாம்.