பாஸ்க் நாட்டில் ஒரு வாரம், ஒரு கார், இருவர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்களுக்குத் திருமணமாகி 25 வருடம் ஆகிறது. மகள் செப்டம்பரில் ஸ்பெயினின் பில்பாவோவுக்கு டிக்கெட் எடுத்துத் தந்திருக்கிறாள். ஏழு நாள், வாடகைக் கார், வீட்டுக்காரர் ஓட்டுவார். பாஸ்க் பகுதி, அப்படியே பார்சிலோனா, முடிந்தால் மாட்ரிட் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். சரியாக வருமா?
– வாசகி, மதுரை

முதலில் வாழ்த்துகள். பட்டியல் சரியாக வராது. பில்பாவோவிலிருந்து பார்சிலோனா சுமார் 600 கிலோமீட்டர், மாட்ரிட் 400. உங்கள் ஏழு நாளில் பாதி நெடுஞ்சாலையிலேயே கரைந்துவிடும். ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்ஸின் ஓரத்திலுமாகப் பரந்திருக்கும் பாஸ்க் பகுதியோ சின்னது. பில்பாவோவிலிருந்து சான் செபாஸ்தியான் 100 கிலோமீட்டர், அங்கிருந்து பிரான்ஸுக்குள் பியாரிட்ஸ் இன்னொரு 50. இந்த 150 கிலோமீட்டரைத்தான் ஒரு வாரம் ஓட்டச் சொல்வேன்.

நானும் என் கணவரும் போனபோது முதல் நாள் போன் காட்டிய வழியிலேயே சுங்கச்சாலையில் போனோம். சுரங்கம், லாரி, மறுபடி சுரங்கம், கடல் கண்ணிலேயே படவில்லை. மறுநாள் சராவுட்ஸ் என்ற ஊரில் இறங்கி, என்-634 என்ற பழைய சாலையைப் பிடித்தோம். சராவுட்ஸிலிருந்து கெட்டாரியா வரை நாலைந்து கிலோமீட்டர்தான், ஆனால் சாலை கடலின் விளிம்பிலேயே வளைந்து வளைந்து போகிறது, அலை பெரிதாக வந்தால் சாரல் கண்ணாடியில் தெறிக்கிறது. கெட்டாரியாவில் கண்டிப்பாக இறங்குங்கள். உலகத்தை முதன்முதலில் சுற்றி முடித்து 1522-இல் திரும்பிய கப்பலின் தலைவர் எல்கானோ பிறந்த ஊர் அது. பயணத்தைத் தொடங்கிய மெகல்லன் பாதி வழியில் இறந்துபோக, கப்பலைக் கொண்டுவந்து சேர்த்தவர் இவர். அடுத்த ஊர் சுமாயாவில் கடற்கரைப் பாறைகள் புத்தகத் தாள்களை நிறுத்தி வைத்தது போல அடுக்கடுக்காக நிற்கும். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி வருடத்துக்கு முந்தைய காலமும் அந்த அடுக்குகளில் ஒன்றாக இருக்கிறது. கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

பில்பாவோவில் குகன்ஹைம் அருங்காட்சியகத்தை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு வண்டியோட்டுவதில் ஆசை என்றால் நகரத்துக்கு வெளியே உள்ள தொங்கு பாலத்துக்கு அழைத்துப் போங்கள். 1893-இல் கட்டியது. மேலே இரும்புச் சட்டம், அதிலிருந்து கம்பிகளில் ஒரு மேடை தொங்குகிறது. காரோடு அதில் ஏறிக்கொண்டால் ஆற்றைத் தாண்டி அக்கரையில் விட்டுவிடும். இப்போதும் தினமும் ஓடுகிறது.

கெர்னிகாவுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோவுக்காக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அந்த ஊரைக் குண்டு போட்டு எரித்தன. அங்கே ஒரு ஓக் மரம் இருக்கிறது. பில்பாவோவைச் சுற்றியுள்ள பிஸ்காயா மாகாணத்தின் பிரபுக்கள் அதன் கீழே நின்றுதான் மக்களின் உரிமைகளைக் காப்போம் என்று சத்தியம் செய்தார்கள். அன்றைக்கு மரமும் அருகிலிருந்த சபைக் கட்டடமும் தப்பிவிட்டன. இப்போது நிற்பது அதன் வழித்தோன்றல். இன்னும் பழைய மரம் ஒன்றின் அடித்தண்டை, தூண்கள் வைத்த சின்ன மண்டபத்துக்குள் தெய்வத்தைப் போலப் பாதுகாக்கிறார்கள். நாங்கள் இருவரும் அங்கே வெகுநேரம் பேசவே இல்லை.

கஸ்தெலுகாட்சே பாறைத்தீவுக் கோயிலுக்கு 241 படிகள். அதற்கு முன் கார் நிறுத்தத்திலிருந்து நல்ல இறக்கம் உண்டு, திரும்பும்போது அதுவே ஏற்றம். முழங்கால் வலி இருந்தால் மேலே நின்று பார்த்தாலே போதும். கூட்ட மாதங்களில் முன்பதிவு வேண்டும், கட்டணம் இல்லை.

அப்புறம் வண்டி விஷயம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தருவார்கள், ஒரு வருடம் செல்லும். முன்பணம் பிடிக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கட்டும். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். காரை எடுத்த பில்பாவோவிலேயே திருப்பிக் கொடுங்கள், பிரான்ஸில் விட்டால் தனிக் கட்டணம் தீட்டிவிடுவார்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் ரவுண்டானாவில்தான் தடுமாற்றம் வரும். உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை, இடப்பக்கம் பார்த்து நுழைய வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுக்காமல் இருப்பதே பெரிய உதவி. இன்னொன்று, ஒரே ஊருக்குப் பலகையில் இரண்டு பெயர் இருக்கும். சான் செபாஸ்தியான்தான் தோனோஸ்தியா, பாம்ப்லோனாதான் இருஞ்ஞா. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாற்சந்தியில் சண்டை வரும்.

நானும் மனைவியும் சைவம். பாஸ்க்கில் மீனும் மாட்டிறைச்சியும்தான் என்கிறார்கள். பட்டினி கிடக்க வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். காய்கறி சாலட் என்று கொண்டுவந்து மேலே சூரை மீனைப் பரப்பியிருப்பார்கள். “சின் கார்னே, சின் பெஸ்காதோ” என்று சொல்லுங்கள், இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று அர்த்தம். பார் மேசையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் சிறுதீனிக்கு பின்ச்சோ என்று பெயர். கெர்னிகா பச்சை மிளகாயை எண்ணெயில் பொரித்து உப்புத் தூவித் தருவார்கள், காரமே இருக்காது, நம் மிளகாய் பஜ்ஜி ஞாபகம் வரும். காளான் வதக்கல், இதியாசபால் என்ற செம்மறியாட்டுப்பால் சீஸ், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான், எனவே சமையலறை உள்ள வீடாக எடுத்து அரிசியும் பருப்பும் கையில் வைத்திருங்கள். பிரான்ஸ் பக்கம் எஸ்பெலெட் ஊரில் வீட்டுச் சுவர் முழுக்கச் சிவப்பு மிளகாயைச் சரம் சரமாகக் காயப்போட்டிருப்பார்கள். அந்தத் தூள் ஒரு பாட்டில் வாங்கி வாருங்கள், காரம் குறைவு, மணம் அருமை.

பாஸ்க் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று ஒரு பேச்சு இருக்கிறதே, உண்மையா?
– வாசகர், தூத்துக்குடி

உறவு நிறுவப்படவில்லை. அவர்கள் மொழியான எவுஸ்கராவுக்கு உலகில் எந்த மொழியோடும் உறவு இதுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் ஒட்டு ஒட்டிப் பேசுகிற முறை நமக்கு உடனே பிடிபடும். எச்சே என்றால் வீடு, எச்சேயான் வீட்டில், எச்சேரா வீட்டுக்கு, எச்சேதிக் வீட்டிலிருந்து. பிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில் ஒடுக்கப்பட்ட மொழியை இன்று பள்ளியிலும் கடைப்பலகையிலும் மீட்டு வைத்திருக்கிறார்கள். கடைக்குள் நுழையும்போது “கைஷோ” என்று வணக்கம் சொல்லுங்கள், அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

உங்கள் ஊருக்கு நிஜமான தொடர்பு வேறு ஒன்று உண்டு. முத்துக்குளித்துறையில் 1542 முதல் நடந்த புனித சவேரியார் பாஸ்க்காரர். சேவியர் என்ற பெயரே “புது வீடு” என்று பொருள்படும் பாஸ்க் சொல்லிலிருந்து வந்தது. இந்தக் கரை மக்களின் மொழி வேறு, என் தாய்மொழி பாஸ்க், ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 1544-இல் எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து மனப்பாடம் பண்ணினார். அவர் 1506-இல் பிறந்த கோட்டை, பாம்ப்லோனாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கார் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.