அமெரிக்கக் கால்பந்தில் ஃபீல்ட் கோல் (தரையில் நிறுத்திய பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைத்துப் புள்ளி எடுப்பது) உதைப்பவர் ஏன் பக்கவாட்டிலிருந்து ஓடிவருகிறார்? அவருடைய திறமை வெறும் கால் வலுதானா?

கால் வலு தேவைதான். ஆனால் என் கணிப்பில் உதையின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது உதைக்கும் கால் அன்று, தரையில் ஊன்றும் கால்தான்.

1960-களின் தொடக்கம் வரை நேராக ஓடிவந்து விரல் நுனியால் உதைப்பதே அங்கு வழக்கமாக இருந்தது. ஹங்கேரியில் பிறந்த பீட் கோகலாக், 1964-இல் பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்து, சாய்வாக ஓடிவந்து புறங்காலால் உதைக்கும் ஐரோப்பியப் பாணியைத் தொழில்முறை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். நேராக வருபவரின் கால் முன்னும் பின்னுமாக மட்டுமே வீசப்படும். சாய்வாக வருபவருக்கோ இடுப்பின் சுழற்சியும் அந்த வீச்சோடு சேர்ந்துகொள்கிறது. மேலும், புறங்காலின் எலும்புப் பகுதி விரல் நுனியைவிட அகலமாகப் பந்தில் படுவதால், சிறு பிசகு திசையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. (வலது பாதத்தில் விரல்களே இல்லாமல் பிறந்த டாம் டெம்ப்சி, முனை தட்டையான தனிக் காலணி அணிந்து 1970-இல் நேராகவே 63 கெஜம் உதைத்தார் என்பது இதற்கு வியப்பான விலக்கு.)

ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், ஏறத்தாழ ஓரடி தள்ளி, இலக்கை நோக்கியபடி பதிகிறது. ஓடிவந்த உடல் அந்தக் காலின் மேல் தடைபட்டு நிற்கும்போது முதலில் இடுப்பு திரும்புகிறது, அடுத்துத் தொடை முன்னே பாய்கிறது. பின்னர் தொடையின் வேகம் குறையக் குறைய முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி வேகமெடுக்கிறது. ஈரத்துணியை உதறும்போது கை சட்டென்று நிற்க, துணியின் நுனி மட்டும் படீரென்று வெடிப்பதைப் போன்றது இது. கணுக்கால் விறைப்பாக நீட்டப்பட்டிருக்க வேண்டும்; தளர்ந்திருந்தால், நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே நீடிக்கும் அந்தத் தொடுகையில் பாதம் மடங்கி, திரட்டிய வேகம் வீணாகிவிடும். ஈரப் புல்தரையில் வலுவான உதையாளர்கள்கூடத் தடுமாறுவதற்குக் காரணம், பெரும்பாலும் ஊன்றுகால் வழுக்குவதே.

பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே உதைப்பதால் அது பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டபடி எழுகிறது. நெடுந்தொலைவு முயற்சியில் பந்து சற்றுத் தாழ்வான கோணத்தில் எழும்படி உதைத்தால் தூரம் கூடும். ஆனால் ஏழெட்டு கெஜத்துக்கு முன்னால் எதிரணியினர் கைகளை உயர்த்திக் குதிக்கிறார்கள் என்பதால், உதையாளர் அந்தக் கோணத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது.