கொரோனா தொடக்கத்தில் ஆஸ்திரேலியர்கள் டாய்லெட் பேப்பரை ஏன் வாங்கிக் குவித்தார்கள்?

கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்ப்பதைத்தான் பதற்றக் கொள்முதல் என்கிறோம். 2020 மார்ச் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் நடந்தது இதுதான். அங்கே விற்கும் டாய்லெட் பேப்பரில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே தயாராகிறது. ஆனால் அது இடத்தை அடைக்கும் பொருள். சில டஜன் கட்டுகள் போனாலே அலமாரி காலியாகத் தெரியும். காலி அலமாரிகளின் படங்கள் பரவியதும் மற்றவர்களும் கடைக்கு ஓடினார்கள். வுல்வொர்த்ஸ் கடைகள் ஒரு பில்லுக்கு 4 கட்டு என்று வரம்பு வைத்தன.

பேருந்து நிற்பதற்குள் ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிட்டால், நிதானமாக ஏற நினைத்தவரும் துண்டைத் தேடுவார் இல்லையா, அப்படித்தான்.

சரி, வாங்கியவர்கள் எல்லாம் பதுக்கல்காரர்களா? பலர் அப்படித் திட்டினார்கள், அது நியாயமில்லை. வழக்கமான விற்பனையைக் கணக்கிட்டுத்தான் கடைகள் சரக்கு நிரப்புகின்றன, ஆளுக்கு ஒரு கட்டு கூடுதலாக எடுத்தாலே அன்றைய இருப்பு தீர்ந்துவிடும்.