மணல் தீவு கரைந்தது எண்ணெய்க் கிணறுகளாலா? பழைய வரைபடங்கள் என்ன சொல்கின்றன?

கேள்வி: எண்ணெய் எடுக்கப்படும் கடலோர மணல் தீவு ஒன்று தேய்ந்தால், காரணம் எண்ணெயா இயற்கையா என்று பழைய வரைபடங்களை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். வரைபட ஒப்பீடு என் தொழில் என்பதால், எனக்குப் பிடித்த உதாரணமான, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து டிம்பலியர் தீவுகளை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கக் கடலோர அளவைத் துறை 19-ஆம் நூற்றாண்டிலேயே இக்கரையை அளந்துவிட்டது. அளவையாளர் சமதளப் பலகையோடு (களத்திலேயே வரைபடம் வரைய உதவும் முக்காலி மேசை) கரையில் நின்று, உயர் ஓதம் எட்டும் கோட்டைக் கண்ணால் தீர்மானித்து வரைந்தார். 1:20,000 அளவில் அரை மில்லிமீட்டர் தடித்த பேனாக் கோடு தரையில் 10 மீட்டர். எனவே ஐந்தாறு மீட்டர் மாற்றத்தை வைத்து வாதாடுபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் டிம்பலியர் தீவு மேற்கே நகர்ந்திருப்பது கிலோமீட்டர் கணக்கில். அங்கே பேனாவின் தடிமன் பொருட்டே அல்ல.

அந்த நகர்வு எண்ணெய்க்கு முன்பே தொடங்கிவிட்டது. மிசிசிப்பியின் பழைய கிளையான லஃபோர்ஷ் கொண்டுவந்த வண்டலில் உருவான கரை அது. ஆறு வேறு வழி பிடித்த பிறகு வண்டல் வரத்து குறைந்தது. 1904-இல் டொனால்ட்சன்வில் என்ற ஊரில், ஆற்றிலிருந்து அந்தக் கிளை பிரியும் இடத்தையே அணை போட்டு அடைத்தார்கள். கிழக்கு முனையை அலை அரிக்க, அந்த மணலில் ஒரு பகுதி மேற்கு முனையில் படிகிறது. கிணறுகளும் அவற்றுக்கு வெட்டிய கால்வாய்களும் பின்னால் வந்தவை. அதற்காக அவற்றை விட்டுவிட முடியாது: ஏற்கெனவே மெலிந்த தீவின் குறுக்கே கால்வாய் வெட்டினால், புயல் அலைக்கு வழி திறந்துவிட்டதாகும். வான்படங்களில் கால்வாய்கள் நேர்கோடுகளாகத் தெரியும் என்பதால், அந்தப் பங்கைப் பிரித்துப் பார்ப்பது எளிது. நிலம் அமிழ்வதில் எண்ணெய் எடுப்பின் பங்கைக் கரைக்கோடுகளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

இன்னொரு சுவையான விஷயம் பணம். 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி லூசியானாவுக்குக் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை கடலடி உரிமை. அன்றைய நிலையில், கரை பின்வாங்கினால் எல்லையும் பின்வாங்கும், எண்ணெய் வருவாய் மத்திய அரசுக்குப் போகும்! மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான எல்லை வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 1981-இல் உச்ச நீதிமன்றம் கரையோரத்தை ஆயத்தொலைவுகளாகவே எழுதி நிறுத்தியது. அப்படித் தீர்ப்பில் குறித்த எல்லை, கரை நகர்ந்தாலும் மாறாது என்று 1986-இல் சட்டமும் திருத்தப்பட்டது.

நீங்களே ஒப்பிட விரும்பினால், பழைய அளவைத் தாள்கள் அமெரிக்க அரசின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றை வைக்குமுன் எல்லாவற்றையும் ஒரே புவி ஆதாரத்துக்கு (இடங்களின் ஆயத்தொலைவுகளை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் அமைப்பு) மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நகராத தீவும் நகர்ந்ததாகத் தெரியும்.