பிளாஸ்திரியோடு உரிந்து வந்த தோல்: மருத்துவமனை பொறுப்பாகுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. காய்ச்சலுக்காகத் தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் சேர்த்திருந்தோம். பிளாஸ்திரி ஒட்டினால் அவருக்குத் தோல் உரியும் என்று முதல் நாளே சொன்னேன். ஆனாலும் மருந்து ஏற்றக் கையில் குத்தி வைத்த வென்ஃப்ளான் ஊசியின் மேல் சாதாரண பிளாஸ்திரியைத்தான் ஒட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று நர்ஸ் அதை ஒரே இழுப்பில் உரித்தார். புறங்கைத் தோலும் கூடவே வந்துவிட்டது. புண் ஆற ஒரு மாதம் ஆனது. "வயதானால் தோல் அப்படித்தான்" என்கிறது மருத்துவமனை. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். நுகர்வோர் ஆணையத்தில்தான் போட வேண்டும்.

வயதானவர்களின் தோல் மெலிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அது மருத்துவமனையைக் காப்பாற்றும் பதில் இல்லை, உங்கள் பக்கத்து வாதம். மெல்லிய தோல் என்று தெரிந்தால் சிலிகான் பசை உள்ள ஒட்டுப்பட்டை போடலாம், அல்லது துணிச் சுருளால் கட்டலாம். எடுக்கும்போது பசையை நனைத்து இளக்கி, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரிக்க வேண்டும். இதெல்லாம் நர்ஸ்களுக்குத் தெரிந்த வேலை. நீங்கள் முன்கூட்டியே எச்சரித்தும் செய்யாததுதான் இங்கே சேவைக் குறைபாடு.

சரி, எச்சரித்ததற்கு என்ன சாட்சி? கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனை எழுதும் சிகிச்சைப் பதிவேடு. சேர்க்கும்போது ஒவ்வாமை பற்றிக் கேட்டு அதில் எழுதுவார்கள். நீங்கள் சொன்னதும் அதில் எழுதியிருந்தால் வழக்கில் பாதி முடிந்தது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அதில் எழுதாமல் விட்டிருந்தாலும் மனம் தளர வேண்டாம். அன்றைக்கு எடுத்த புகைப்படம், கூட இருந்த உறவினரின் வாக்குமூலம், புண்ணுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் குறிப்பு, மருந்து பில் எல்லாம் சாட்சிதான். எல்லா மருத்துவ வழக்கிலும் மருத்துவ நிபுணரின் கருத்து கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வி. கிஷன் ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

தோல் உரியாமல், பசையே கொப்புளம் கிளப்பியிருந்தால் விஷயம் வேறு. அப்போது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிளாஸ்திரி தயாரிப்பாளரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். அதற்கு அந்தப் பிளாஸ்திரியின் பெயரும் பேட்ச் எண்ணும் தேவை. உங்களுக்கு அது வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அம்மா பெயரில் புகார் கொடுங்கள். அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்துடன் நீங்கள் ஆஜராகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 வருடம்தான் கெடு. பில்லை இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தாலும் அம்மா நுகர்வோர்தான், 1995-இல் உச்ச நீதிமன்றத்தின் வி.பி. சாந்தா வழக்கிலேயே அது தீர்ந்துவிட்டது.

போலீசுக்குப் போக வேண்டாம். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது அந்த அளவுக்குப் போகாது. பெரிய தொகையையும் எதிர்பார்க்காதீர்கள். வைத்தியச் செலவும், அம்மா பட்ட வலிக்கு ஒரு நியாயமான இழப்பீடும் கேளுங்கள். முதலில் கேஸ் ஷீட் கேட்டு அந்தக் கடிதத்தை இன்றே எழுதுங்கள்.