மகளின் ஆடிஷனுக்கு மீதி 14 சவரனையும் அடகு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, திருச்சியிலிருந்து எழுதுகிறேன். மகள் பிளஸ் டூ போகிறாள். ஆறு வயதிலிருந்து வெஸ்டர்ன் வயலின், டிரினிட்டி இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள். அமெரிக்காவில் இசைக்கல்லூரியில் சேர வேண்டும் என்பதுதான் ஒரே ஆசை. இந்த டிசம்பரில் விண்ணப்பம், பிப்ரவரி, மார்ச்சில் ஆடிஷன். கணவர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர், பிடித்தம் போக 84,000 கைக்கு வருகிறது. நான் வேலைக்குப் போகவில்லை. 12 சவரன் வங்கியில் இருக்கிறது, அதன் மேல் 8 லட்சம் கடன். இன்னும் 14 சவரன் லாக்கரில் இருக்கிறது. கன்சல்டன்சியில் 11 கல்லூரிக்குப் போடச் சொல்கிறார்கள். பாஸ்டன், நியூயார்க் போய் நேரில் வாசிக்க 4.5 லட்சம் பேக்கேஜ், ஸ்காலர்ஷிப் உறுதி என்கிறார்கள். என் கொழுந்தனார், "அடகு வைப்பதுதான் வைக்கிறீர்கள், கூட ஒரு 3 லட்சம் வாங்கி வெள்ளி இடிஎஃப்பில் (பங்குச்சந்தையில் வாங்குகிற வெள்ளி நிதி) போடுங்கள் அண்ணி, அதுவே வட்டியைக் கட்டிவிடும்" என்கிறார். வைக்கலாமா? ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

பதில்: வைக்க வேண்டாம். வெள்ளி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அந்த 12 சவரனைப் பார்ப்போம்.

கணக்கு கேட்டதற்கு, இன்னொரு நீண்ட கடிதத்தோடு பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். நல்ல வேளை, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மறு அடகுக்கும் எதிரே பச்சை மையில் "கைக்கு வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது.

2024 ஜனவரியில் சவரன் சுமார் 47,000. 12 சவரன் வைத்து 3 லட்சம் வாங்கி வயலின் வாங்கினீர்கள். சரி. ஒரு வருடம் கழித்து சவரன் 57,000 சொச்சம். ஒன்பதரை சதவீதத்தில் வட்டி 28,500 ஆகியிருந்தது. அதைக் கையிலிருந்து கட்டவில்லை. அதே நகையை 4.9 லட்சத்துக்கு மறு அடகு வைத்து, பழைய கடனையும் வட்டியையும் அதிலேயே அடைத்துவிட்டு, மீதி 1.6 லட்சத்தைக் கன்சல்டன்சியின் முதல் பேக்கேஜுக்குக் கொடுத்தீர்கள். 2025 நவம்பரில் சவரன் 92,000 பக்கம் இருந்தபோது மறுபடியும் அதே கதை. இந்த முறை 8 லட்சம். பழைய கடன் 4.9, பத்து மாத வட்டி 39,000 போக, 2.7 லட்சம் "கைக்கு வந்தது".

மூன்று முறையும் சேர்த்து உங்கள் கைக்கு வந்தது 7.3 லட்சம். கடன் 8 லட்சம். நடுவில் இருக்கும் 67,000 ரூபாய் வட்டியில் ஒரு ரூபாயைக்கூட நீங்கள் சம்பளத்திலிருந்து கட்டவில்லை, தங்கம் விலை ஏறியதால் வங்கி அதையும் கடனாகவே கொடுத்துவிட்டது. அது போதாதென்று, பழைய கடனை முழுசாக அடைத்தால்தான் மறுபடி வைக்க முடியும் என்று வங்கியில் சொன்னதால், இரண்டு தடவை தெரிந்தவரிடம் ஒரு நாள் கைமாற்று வாங்கி அதற்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் கமிஷனும் கொடுத்திருக்கிறீர்கள். நோட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 3,300, இன்னொரு இடத்தில் 5,300. நானே இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

இந்தப் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது. ஆடிஷன் செலவு, வயலின் விலை எல்லாம் அப்புறம். விலை ஏற ஏற அந்த ஏற்றத்தைச் சம்பளம் மாதிரி எடுத்துச் செலவு செய்கிறீர்கள். திரும்பக் கட்டுவது என்ற பேச்சே இந்த நோட்டில் எங்கும் இல்லை. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, இந்த இரண்டு வருடத்தில் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இதே ரகம்.

ஒரு வருடக் கெடு முடிகிற வருகிற நவம்பரைப் பார்ப்போம். 8 லட்சத்துக்கு வட்டி 76,000, ஆக 8.76 லட்சம் கட்ட வேண்டும். சவரன் 92,000-லேயே நின்றால்கூட 12 சவரனின் மதிப்பு 11.04 லட்சம், அதில் வங்கி கடனாகத் தருகிற முக்கால் பங்கு 8.28 லட்சம். அதாவது விலை விழ வேண்டாம், ஏறாமல் நின்றாலே போதும், 48,000 ரூபாய் கையிலிருந்து போட்டாக வேண்டும். 75,000-க்கு இறங்கினால் வங்கி தருவது 6.75 லட்சம்தான், ஒரே நாளில் 2 லட்சம் புரட்ட வேண்டும். அதெல்லாம் இறங்காது என்பார்கள். 2013-ல் உலகச் சந்தையில் ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் இறங்கியது. அந்த நவம்பரில் உங்கள் மகள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்றும் யோசியுங்கள். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கும், கையில் காசு இருந்தே ஆக வேண்டிய நேரம்.

இப்போது வெள்ளி. கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் வெள்ளி தங்கத்தைவிடத் துள்ளும், விழும்போதும் அப்படியே. தங்கத்தை அடகு வைத்து வெள்ளி வாங்குவது என்றால், இரண்டும் சேர்ந்து விழுகிற நாளில் அடமானமும் சுருங்கும், முதலீடும் சுருங்கும், வட்டி மட்டும் சுருங்காது. போன வருடம் ஏறியதைப் பார்த்து இந்த வருடம் வாங்கச் சொல்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அவர் முதலில் தன் மனைவியின் நகையை வைத்துச் செய்யட்டும்.

கன்சல்டன்சிக்கு வருவோம். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் இசைக் குடும்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததில் கொஞ்சம் விஷயம் தெரியும். உங்கள் 11 கல்லூரிப் பட்டியலில் ஜாஸ், பாப் வகைக்குப் பெயர்போன பெர்க்லியும் இருக்கிறது, கிளாசிக்கலுக்குப் பெயர்போன ஜூலியார்டும் இருக்கிறது. இரண்டும் கேட்பதே வேறு. கிளாசிக்கல் கன்சர்வேட்டரிகளில், அதாவது இசைக்கல்லூரிகளில், வயலினுக்கு பாஹின் சோலோ படைப்பிலிருந்து இரண்டு பகுதி, ஒரு கன்செர்ட்டோ, பகனினி காப்ரிஸ் அல்லது அதுபோல ஒன்று, ஸ்கேல் என்று போகும். பெர்க்லியில் தயாரித்துக்கொண்டு போனதை வாசித்த பிறகு, அங்கேயே மனோதர்மமாக, சொந்தக் கற்பனையில், வாசிக்கச் சொல்வார்கள், அவர்கள் வாசிப்பதைக் கேட்டுத் திருப்பி வாசிக்கச் சொல்வார்கள், நேர்காணலும் உண்டு. உங்கள் மகள் மனோதர்மமே பழகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பட்டியல் போட்டவர் அவள் வாசித்து ஒரு தடவையாவது கேட்டாரா? 11 கல்லூரிக்கு, கட்டணம் சராசரி 125 டாலர், டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1.24 லட்சம். விண்ணப்பத்துக்கு மட்டும். அவள் ஆசிரியரோடு உட்கார்ந்து ஐந்தாகக் குறையுங்கள், 56,000-ல் முடிந்துவிடும்.

"ஸ்காலர்ஷிப் உறுதி" என்று யார் எழுதிக் கொடுத்தாலும் நம்ப வேண்டாம். உதவித்தொகையை முடிவு செய்வது ஆடிஷன் கேட்கிற பேராசிரியர்களும் கல்லூரியும், நடுவில் இருக்கிறவர் கையில் அதில் ஒன்றுமே இல்லை. என்ன வாசிக்க வேண்டும், வீடியோ எப்படி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் வரிக்கு வரி இருக்கிறது. பல இடங்களில் முதல் கட்டமே வீடியோதான், அதைப் பார்த்துத்தான் அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிச் சுற்றையும் வீடியோவிலேயே ஏற்கிற கல்லூரிகள் பல உண்டு, நேரில் வந்தே தீர வேண்டும் என்கிற இடங்களும் உண்டு. முதல் கட்டம் தேறாமல் பாஸ்டனுக்கு டிக்கெட் எடுப்பதில் அர்த்தமே இல்லை, அதனால் டிசம்பருக்கு முன்னால் 4.5 லட்சம் கட்டுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய பயிற்சி வீடியோவையும் பார்த்தேன். அருமையாக வாசிக்கிறாள். ஆனால் மேலே ஃபேன் ஓடுகிறது, நடுவில் குக்கர் விசில் இரண்டு. வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோதான் கேட்பார்கள், அதனால் விசிலை அப்புறம் எடுத்துவிட முடியாது. ஒரு நல்ல மைக், கூட வாசிக்க ஒரு பியானோக்காரர், ஒரு நாள் வாடகைக்கு அமைதியான ஹால், இந்த மூன்றுக்கும் செலவு செய்யுங்கள், நான் தடுக்கவில்லை.

சரி, பெரிய கணக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அமெரிக்கத் தனியார் இசைக்கல்லூரிகளில் படிப்பு, தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 75,000 முதல் 80,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடத்துக்கு ரூபாயில் 2.8 கோடி. பாதி ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் 1.4 கோடி. அதை 11 சதவீதத்தில் பத்து வருடக் கல்விக்கடனாக எடுத்தால் மாதத் தவணை 1.93 லட்சம். உங்கள் கணவர் சம்பளம் 84,000. படிப்பு முடிந்து அங்கே வேலை பார்க்கக் கிடைப்பதும் வழக்கமாக 12 மாதம்தான், பொறியியல் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற கூடுதல் 24 மாதம் இசை வாசிக்கிறவர்களுக்குக் கிடையாது. பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் என்று ஒரு கல்லூரி, 1928 முதல் யாரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் மொத்த மாணவர்களே 150, 160 பேர்தான். முயற்சி செய்யட்டும், அதை நம்பி கடன் வாங்காதீர்கள்.

ஜெர்மனியை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? அரசு இசைக்கல்லூரிகள் பலவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஸ்டுட்கார்ட், ஃப்ரைபர்க் இருக்கிற மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, வேறு சில இடங்களிலும் கட்டணம் உண்டு. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சம். நாலு வருடத்துக்கு 48 லட்சம். இதுவும் சின்னத் தொகை இல்லை, ஆனால் கல்விக்கடன் என்ற வார்த்தைக்கு உள்ளே அடங்குகிற தொகை. நுழைவுத் தேர்வில் வயலினோடு இசைக் கோட்பாடு, காது சோதனை (கேட்ட ஸ்வரத்தைக் கண்டுசொல்வது), பெரும்பாலும் கொஞ்சம் பியானோவும் இருக்கும், ஜெர்மன் மொழியும் வேண்டும். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று மகளுக்குத் தோன்றினால் யோசிக்கலாம். ஆனால் 2.8 கோடி, 1.93 லட்சம் என்ற எண்களை முதலில் அவளிடம் சொல்லுங்கள். பதினேழு வயது ஆகிவிட்டது. தினமும் ஐந்து மணி நேரம் வாசிக்கிற பெண்ணுக்கு அம்மாவின் நகை எங்கே இருக்கிறது என்று தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் இருக்காது அம்மா, கேட்காமல் இருக்கிறாள், அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியது. லாக்கரில் இருக்கிற 14 சவரனில் அறுந்த செயின், போடாத வளையல், ஒற்றைத் தோடு என்று ஐந்து சவரனாவது இருக்கும். அவற்றை விற்றுவிடுங்கள். ஆமாம், விற்கத்தான் சொல்கிறேன். அடகு வைத்தால் நகை நம்முடையதாகவே இருக்கிறது, விற்றால் போய்விட்டது என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு. வருடாவருடம் வட்டியோடு வளர்கிற கடனில் மாட்டிய நகையை நம்முடையது என்று சொல்வதைவிட, வங்கியோடு பங்கு போட்டிருக்கிறோம் என்று சொல்லலாம். கழிவு போக சவரனுக்கு 88,000 வந்தால் 4.4 லட்சம். கல்யாண நகை, 2005 வாக்கில் சவரன் ஐயாயிரத்துக்கு வாங்கியது, அதனால் லாபம் சுமார் 4.15 லட்சம். உங்கள் பெயரில் வேறு வருமானம் இல்லை என்றால் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை போக மீதிக்குத்தான் பன்னிரண்டரை சதவீதம், இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். விற்ற ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், ரிட்டர்ன் போடுங்கள்.

அந்தப் பணத்தைக் கடனில் கட்டினால், இதுவரை ஓடிய வட்டியும் சேர்ந்து சுமார் 4 லட்சம் கடன் மிஞ்சும். அதை வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற கடனாக வைக்காமல், மாதத் தவணை நகைக்கடனாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கிளையில் இல்லை என்றால் இன்னொரு வங்கியில் இருக்கும். 36 மாதத்துக்கு, மாதம் 12,800. எங்கிருந்து வரும்? வாரம் இரண்டு ஆன்லைன் வகுப்பு, ஒன்றுக்கு 40 டாலர், மாதம் 28,800 போகிறது. அதை வாரம் ஒன்றாக்கினால் 14,400 மிச்சம். பாடம் புதிதாக எடுக்கிற கட்டம் முடிந்துவிட்டது, இனி எடுத்ததைப் பக்குவப்படுத்துகிற வேலைதான் என்று அந்த ஆசிரியரே போன மாதம் சொன்னதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அவரிடமே கேட்டுவிடுங்கள்.

விலை ஏறிவிட்டது, கூடுதல் தொகை வாங்கிக்கொள்கிறீர்களா என்று வங்கியிலிருந்து போன் வரும். நிச்சயம் வரும். வேண்டாம் என்று சொல்ல இப்போதே பழகுங்கள்.

அந்த நீண்ட கடிதத்தின் கடைசி வரியில் வயலினுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுங்கள். வெளியே கொண்டு போகும்போது உடைந்தாலும் திருடு போனாலும் சேர்த்துக்கொள்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள், வீட்டுக்குள் இருந்தால் மட்டும் என்கிற பாலிசி வயலினுக்கு உதவாது. அதற்கு வாங்கின பில் வேண்டும். நோட்டில் 2.9 லட்சம் என்று இருக்கிறதே தவிர, பில்லின் படம் நீங்கள் அனுப்பியதில் இல்லை.